கிலோ கணக்கில் குழந்தைப் பருவம்

பரீட்சைக்கு முன் பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் உடைத்த வீடுகளில், பரீட்சை முடிந்ததும் அடுத்த வேலை அலமாரியை ஒழிப்பது. மார்ச் கடைசியில் அடைக்கும் கேரளப் பள்ளிகள் ஜூனில்தான் திறக்கும். அதற்குள் வருஷத்து நோட்டுகள், சுருட்டிய சார்ட்டுகள், பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, தெர்மோகோல் எரிமலை எல்லாவற்றுக்கும் ஒரு வழி செய்தாக வேண்டும்.

தமிழ் வீடுகளில் இதில் ஒரு சங்கடம். காகிதம் சரஸ்வதி. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தராசில் எப்படி வைப்பது? நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியே ஊர்வலமாக வந்து தங்கும் ஊரில் சங்கடம் கொஞ்சம் கூடுதல். ஆகவே மூட்டை பரணுக்குப் போகிறது. கறையானுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. மழைக்கும்தான். கிழக்கேகோட்டை, தம்பானூர் வட்டாரத்தில் வெள்ளம் தேங்குவது தாங்காமல் 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயரிட்டு வடிகால்களைத் திறக்க வேண்டியிருந்தது. அங்கே தரைத்தளத்து வீட்டில் கட்டிலுக்கடியில் வைத்த நோட்டின் கதியைச் சொல்ல வேண்டாம்.

கடைசியில் ஆக்ரிக் கடைக்காரர் வருகிறார். அப்போதுதான் பெரியவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். 'வெரி குட்' வாங்கிய விடைத்தாள் பத்திரமாகிறது, சான்றிதழ் லேமினேட் ஆகிறது. கடைசிப் பக்கத்தில் யானை வரைந்திருக்கும் கணக்கு நோட்டு தராசில் ஏறுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொலைந்தால்கூட டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம். ஆறு வயதில் வரைந்த யானையை எந்த லாக்கரில் தேடுவது?

கொச்சியில் எட்மண்ட் தாமஸ் கிளிண்ட் என்று ஒரு சிறுவன் இருந்தான். 1976 மே மாதம் பிறந்தவன். சிறுநீரக நோயால் 1983 ஏப்ரலில், ஏழு வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் இறந்துபோனான். அதற்குள் 25,000 படங்களுக்கு மேல் வரைந்திருந்தான் என்பது கணக்கு. பெற்றோர் ஜோசப்பும் சின்னம்மாவும் அவற்றைக் காப்பாற்றி வைத்தார்கள். கண்காட்சிகள் வந்ததும், 2017இல் அவன் பெயரிலேயே மலையாளப் படம் வந்ததும் அதனால்தான். மாதாமாதம் ஒழித்துச் சுத்தமாக வைத்திருக்கும் வீடாக அது இருந்திருந்தால் கிளிண்ட் என்ற பெயர் வெளியே தெரிந்திருக்காது.

எல்லாக் குழந்தையும் கிளிண்ட் அல்ல என்பது சரிதான். எந்த ஃப்ளாட்டிலும் அத்தனை தாளுக்கு இடமும் இல்லை. ஆனால் வருஷத்துக்குப் பத்துத் தாள், ஓர் அட்டைப் பெட்டி, தரையில் படாத ஓர் அலமாரித் தட்டு எந்த வீட்டிலும் கிடைக்கும். பின்பக்கம் பென்சிலில் தேதியும் வயதும் எழுதினால் போதும். எரிமலையை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, தெர்மோகோலை ஹரித கர்ம சேனையிடம் கொடுக்கலாம். எழுதாத பக்கங்களைத் தைத்தால் ஜூனுக்கு ரஃப் நோட்டு ஆயிற்று. பொதுத்தேர்வு எழுதியவர்கள் மட்டும் ரிசல்ட் வரும்வரை எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

எந்தப் பத்து என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். அது எடுத்து வைப்பது பெரும்பாலும் அம்மா நினைத்த தாளாக இருக்காது.