மீளும் வழி

நமது பிரயாணக் கட்டுரைகளிலே ஒரு குறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. எழுதுவோர் புறப்பாட்டை விரித்துரைப்பர். கண்ட கோயில்களையும் மாளிகைகளையும் அருவிகளையும் வருணிப்பர். பின்னர், இனிதே ஊர் வந்து சேர்ந்தோம் என்று ஒரு வாக்கியம் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவர். திரும்பி வருதல் பிரயாணத்தின் பகுதி அன்று போலும்! விடுமுறை முடிந்து வீடு நோக்கி வரும் நெடுவழியிலேதான், கண்டவை யாவும் நெஞ்சிலே தத்தம் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது என் கருத்து. அதனை எழுதாது விடுபவர் பிரயாணத்திற் பாதியையே எழுதியவராவர்.

பண்டைத் தமிழ்ப் புலவர் இவ்வாறு செய்தாரல்லர். அகநானூற்றைத் தொகுத்தோர் 4, 14, 24 என வரும் எண்களையுடைய 40 பாட்டுக்களை முல்லைத் திணைக்கு வகுத்து வைத்தனர். அவற்றுட் பல, வினை முடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனோடு பேசும் பேச்சாக அமைந்தவை. போர்க்களத்திலே அவன் ஆற்றிய வீரச்செயல்களிலும் பார்க்க, கார்காலத்து மாலையையும் மழையில் நனைந்த காட்டு வழியையுமே புலவர் மிகுதியாகப் பேசுவர். நான்காம் பாட்டிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் விரைந்துதான் வருகின்றான். ஆயினும், பூஞ்சோலையிலே துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டி, ஒலியடக்கி வருகின்றான். விரைவும் பரிவும் ஒருங்கே கொண்ட மீட்சி அது.

கிரேக்கரின் ஒடிஸிக் காவியமோ மீட்சியையே பொருளாகக் கொண்டது. பத்தாண்டு அலைந்த ஒடிசியஸ் ஈற்றிலே தன் தாய்நாடாகிய இதாக்காத் தீவிற் கப்பலோட்டிகளால் உறக்கத்திலேயே இறக்கி விடப்படுகின்றான். விழித்தெழுந்தவன் அது தன் நாடென்று அறியாமல், எவருடைய நாட்டுக்கு வந்தேனோ என்று புலம்புகின்றான். இளமையில் இதனைப் படித்தபோது கவிஞரின் மிகைக் கற்பனையென்று எண்ணினேன். 2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அவ்வெண்ணத்தைக் கைவிட்டேன்.

ரொறன்ரோ நகரிலே மகள் குடும்பத்தோடு பத்து வாரங்கள் தங்கிவிட்டு மீண்டேன். துபாய் வரை ஏறத்தாழ 13 மணிநேரம். அங்கிருந்து கொழும்புக்கு நாலரை மணிநேரமளவு. பின்னர் புகைவண்டியிலே வடக்கு நோக்கி 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம். கொடிகாமத்தில் இறங்கியபோது, கைக்கடிகாரத்தைத் தவிர என்னிடத்திலே வேறெதுவும் இலங்கை நேரத்துக்கு வந்திருக்கவில்லை. கோடைகாலத்திலே இரு இடங்களுக்குமிடையே ஒன்பதரை மணி வேறுபாடு. உடலினுள்ளே இயங்கும் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் என்ற அளவிலேயே புதிய நேரத்துக்கு இசையும் என்றும், அதன் சுற்று 24 மணிநேரத்திலும் சற்று நீண்டதாதலாற் கிழக்கு நோக்கிய பயணமே கூடிய வருத்தந் தரும் என்றும் அறிஞர் கூறுவர். 1950 களிலே இலண்டனிற் படித்துவிட்டுச் சுயெஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் மீண்டோருக்கு இத்தொல்லை இல்லை. மூன்று வாரமளவான அக்கடற்பயணத்திலே, இரவுக்கு அரைமணி, ஒருமணியாகக் கப்பற் கடிகாரத்தை முன்னே நகர்த்துவார்கள். கொழும்புத் துறைமுகம் கண்ணிற் படும்போது மனமும் உடலும் ஊர் நேரத்துக்கு வந்திருக்கும். விமானத்தின் நன்மையை நான் மறுக்கவில்லை. மூன்று வாரத்தைக் கடலிலே கழிக்க இன்று எந்த உத்தியோகத்தருக்கு லீவு கிடைக்கும்?

நேரவேறுபாடு சில நாளிலே தீர்ந்துவிடும். தீராத சிக்கல் வேறொன்று. ரொறன்ரோ விமான நிலையத்திலே, யாழ்ப்பாணத்து வழக்கப்படி, "போட்டு வாறன்" என்று பேர்த்தியிடம் விடைபெற்றேன். 'போறன்' என்று வெறுமனே சொல்லலாகாதென வளர்க்கப்பட்டவன் நான். 7 வயதுப் பிள்ளை அச்சொல்லை உள்ளபடியே பொருள்கொண்டு, "எப்ப வீட்ட வருவீங்கள், அம்மப்பா?" என்று கேட்டாள். நான் வீட்டுக்குத்தான் போகின்றேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு வீடு அது. யாழ்ப்பாணம் 'ஊர்'. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலே நம் வீதிகளை நிறைக்கும் பிள்ளைகளும் 'ஊருக்கு' வந்தவர்களே. பள்ளிக்கூடம் தொடங்குமுன் 'வீட்டுக்கு'த் திரும்புகின்றவர்களே. ஒரு காலத்தில் ஊர் இருந்த இடத்திலேயே வீடும் இருந்தது. இன்று அவ்விரு சொற்களும் பல்லாயிரம் மைல் விலகி நிற்கின்றன.

இதைக்கேட்டு வருந்துவோரும், பிள்ளைகள் வேரிழந்தனர் என்று மேடையிலே முழங்குவோரும் உளர். அவரோடு நான் உடன்படேன். தன் புத்தகப்பையும் செருப்பும் கிடக்கும் இடத்தை ஒரு குழந்தை வீடென்று சொல்வது பொய்யன்று. அதைத் திருத்த முற்படும் முதியவரே அவளைப் பொய் சொல்லப் பழக்குகின்றார். திருத்த வேண்டியது மீட்சி பற்றிய நமது இலக்கணத்தையே. முல்லைத் தலைவனுக்குக் காத்திருப்பவள் ஒருத்தி. அவன் தேருக்குத் திசையும் ஒன்று. நம் காலத்து மீட்சியிலோ இரு முனைகளிலும் காத்திருப்போர் உளர். எத்திசையிற் சென்றாலும் ஒருவரை அடைகின்றோம், மற்றொருவரைப் பிரிகின்றோம். முல்லையும் பாலையும் விமானத்திலே அடுத்தடுத்த ஆசனங்களில் அமர்ந்து வருகின்றன. புலம்பெயர்ந்தோர் எழுத்திலே பிரிவின் ஏக்கமும் பனியின் கடுமையும் வேண்டிய அளவு வந்துவிட்டன. இரண்டு வீடுகளுக்கிடையே போய் வருவோரின் கதை அரிதாகவே வந்துள்ளது. விடுமுறையிற் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதும்படி மாணவரைக் கேட்கும் ஆசிரியர்கள், ஒருமுறை தலைப்பை மாற்றி, திரும்பி வந்த வழியை எழுதச் சொல்லிப் பார்க்கலாம்.

அன்று பிற்பகல் வீடு சேர்ந்தேன். அக்கா படலையடியிலேயே நின்றார். 80 வயதைக் கடந்தவர். கொழும்புக்கு அப்பாற் சென்றறியாதவர். தேநீர் தந்துவிட்டு, பேர்த்தியைப் பற்றிக் கேட்க அருகிலே அமர்ந்தார். நானோ நாலு வார்த்தை பேசுமுன் உறங்கிப்போனேன். பத்து வாரமாக அவர் சேர்த்து வைத்திருந்த கேள்விகளுக்கு நான் அளித்த விடை அதுதான். விழித்தபோது இரவு இரண்டு மணி. சாய்மனைக் கதிரையும் ஓட்டுக் கூரையும் எவருடையனவோ என்று ஒரு கணம் மயங்கினேன். அக்காவும் உறங்கவில்லை. விளக்கைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, விரல் மடித்து எண்ணினார்.

"அங்கை இப்ப பின்னேரம் நாலரை. பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்திருக்கும். தம்பி, ஒருக்கா எடுத்துக் கதையன்" என்றார்.