எழுதுவதுதான் பாக்கியாம்

ஜனவரி பிறந்தால் கணினி வரைகலை ஆய்வுக்கூடங்களில் ஒரு வசனம் தவறாமல் ஒலிக்கும்: “வேலையெல்லாம் முடிஞ்சாச்சு, எழுதறதுதான் பாக்கி.” சிக்ராஃப் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வருகிறது. வருஷம் முழுக்க நிரல் எழுதி, படத்தை வரவழைத்து, கடைசிப் பத்து நாளில் கட்டுரையை ஒப்பேற்றுவது இந்தத் துறையின் எழுதப்படாத சட்டம். இப்போது அந்த வசனத்துக்குப் புதிதாக ஒரு வால் முளைத்திருக்கிறது: “அதையும் சாட்ஜிபிடி பாத்துக்கும்.” கல்யாணம் நிச்சயமான பிறகு பத்திரிகை அடிப்பதைப் போலத்தான் ஆய்வுக்கட்டுரையும் என்று நினைக்கிறார்கள். முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது, ஊருக்குத் தெரிவிப்பது மட்டும் மிச்சம், அச்சகத்துக்காரன் எவனாக இருந்தால் என்ன? மற்ற துறைகளிலும் இந்த எண்ணம் உண்டு. ஆனால் வரைகலைக்காரர்களிடம் அது மதம் மாதிரி இறுகிப்போயிருக்கிறது. காரணம், அவர்கள் கையில் படம் இருக்கிறது. படம் பேசும், பேப்பர் தானாக எழுதிக்கொள்ளும் என்கிறார்கள்.

இந்த நம்பிக்கையை உடைக்கப் பெரிய நூலகம் வேண்டாம். பதினெட்டுப் பக்கம் போதும். 1986-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த சிக்ராஃப் மாநாட்டின் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 133 முதல் 142 வரையிலான பக்கங்களில் ஒரு கட்டுரை. எழுதியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் இம்மல், மைக்கேல் கோஹன், டொனால்ட் கிரீன்பெர்க். தாளைப் புரட்டினால் 143 முதல் 150 வரை அடுத்த கட்டுரை. எழுதியவர் கால்டெக்கின் ஜேம்ஸ் கஜியா. சாராம்சத்தில் இரண்டிலும் இருப்பது ஒரே சமன்பாடு. ஒரு பரப்பின் ஒரு புள்ளியிலிருந்து ஒரு திசையில் புறப்படும் ஒளி என்பது, அந்த இடம் தானாக உமிழ்வதும், எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து விழுந்து அங்கிருந்து சிதறுவதும் சேர்ந்த கூட்டுத்தொகை. அவ்வளவுதான் செய்தி. ஒரே வருஷம், ஒரே மாநாடு, ஒரே அட்டைக்குள், பக்கத்துப் பக்கத்தில். இன்றைக்கு எந்த வரைகலை மாணவரை எழுப்பிக் கேட்டாலும் அது யாருடைய சமன்பாடு? கஜியாவுடையது. கவனமான நூலாசிரியர்கள் இரண்டு கட்டுரைகளையும் குறிப்பிடுகிறார்கள்தான். மாணவன் வாயில் வருவது ஒரு பெயர்தான்.

ஏன்? கார்னெல்காரர்களின் அறிவில் ஒரு குறையும் இல்லை. பரப்புகளுக்கிடையே ஒளி பரவுவதைக் கணக்கிடும் ரேடியோசிட்டி முறையை 1984-இல் வரைகலைக்குக் கொண்டுவந்ததே அந்தக் கூடம்தான். ஆனால் அவர்களின் 1986 கட்டுரையின் தலைப்பே, மங்கலான பரப்புகளுக்கு மட்டும் செல்லுபடியான தங்கள் முறையைப் பளபளப்பான பரப்புகளுக்கும் நீட்டிக்கிறோம் என்று அடக்கமாகச் சொல்லிவிடுகிறது. சமன்பாடு அங்கே போகிற வழியில் வரும் ஒரு படி. கஜியா என்ன செய்தார்? ‘தி ரெண்டரிங் ஈக்வேஷன்’ என்று மூன்றே சொல்லில் தலைப்பு வைத்தார். சமன்பாட்டைக் கட்டுரையின் வாசலில் நிறுத்தினார். பிறகு, இதுவரை இந்தத் துறையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்த முறைகளெல்லாம் இந்த ஒரே சமன்பாட்டின் வெவ்வேறு தோராயங்கள் என்றார். டர்னர் விட்டட் 1980-இல் சொன்ன, ஒளிக்கதிர்களைப் பின்தொடரும் ரே டிரேசிங், 1984-இல் குக், போர்ட்டர், கார்பென்டர் மூவரும் செய்த விரிவாக்கம், கார்னெலின் ரேடியோசிட்டி, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் ஓர் அறை கிடைத்தது. இதை எந்த நிரல் செய்யும்? எந்தப் படம் காட்டும்? வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எது எதன் கீழ் வருகிறது என்று யோசித்து எழுதும்போது மட்டுமே நடக்கிற காரியம் இது.

சமன்பாட்டையாவது அவர் கண்டுபிடித்தாரா என்றால் அதுவும் இல்லை. வெப்பக் கதிர்வீச்சைப் படிக்கிறவர்களுக்கு இந்த வகைச் சமன்பாடுகள் வெகுகாலமாகப் பழக்கம் என்று கஜியாவே தன் கட்டுரையில் சொல்லிவிடுகிறார். சரி, படமாவது அசத்தியதா? ஐபிஎம் பெருங்கணினியை மணிக்கணக்கில் ஓடவைத்து எடுத்த அந்தப் படங்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல். அந்தக் காலத்து ரேடியோசிட்டி படங்களின் வழவழப்புக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தால் அழகுப் போட்டியில் ஆறுதல் பரிசுகூடத் தேறாது. சமன்பாடு பழசு, படம் சுமார், பக்கத்து வீட்டிலேயே போட்டியாளர். ‘படம் பேசும்’ கட்சியின் கணக்குப்படி கஜியா 1986-லேயே மறக்கப்பட்டிருக்க வேண்டும். நாற்பது வருஷமாகியும் மறக்கமாட்டேன் என்கிறார்கள்.

அவர் புகழுக்குக் காரணம் அந்தக் கட்டுரையில் வந்த, ஒளிப் பாதைகளைச் சமவாய்ப்பாகத் தேர்ந்து கணக்கிடும் பாத் டிரேசிங் என்ற வழிமுறைதானே, எழுத்து எங்கே வந்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வழிமுறையை வாங்கிப் பயன்படுத்த அன்றைக்கு எவரிடமும் கணினி பலம் இல்லை. திரைத்துறை அதை முழுமனதோடு ஏற்கக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் பிடித்தது. டிஸ்னி நிறுவனம் தன் ஹைபீரியன் ரெண்டரரை வைத்து ‘பிக் ஹீரோ 6’ படத்தை எடுத்து வெளியிட்டது 2014-இல். அதற்கு வெகு முன்பே அந்தச் சமன்பாடு பாடநூல்களில் ஏறி, தேர்வுத்தாளில் கேள்வியாகவும் வந்துவிட்டது. ஓட்டமுடியாத வழிமுறையைத் துறை இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது அதன் படத்துக்காக அல்ல. இனி எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று அந்த எட்டுப் பக்கம் சொல்லிவைத்திருந்தது, அதற்காக.

கஜியா ஒருவர் விதிவிலக்கு என்று தப்பிக்கவும் வழியில்லை. 1997-இல் ஸ்டான்ஃபோர்டில் எரிக் வீச் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பாருங்கள். கஜியாவின் சமன்பாடு தன் வலப்பக்கத்தில் தன்னையே மறுபடி கூப்பிடும் வடிவத்தில் இருந்தது. தெரியவேண்டிய ஒளியைச் சொல்ல, தெரியாத ஒளியே வேண்டும். வீச் அதே சங்கதியை, விளக்கிலிருந்து கேமரா வரை ஒளி போகக்கூடிய எல்லாப் பாதைகளின் மேலும் எடுத்த ஒரே தொகையீடாகத் திருப்பி எழுதினார். இயற்பியலில் ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் 1953-இலிருந்து இயற்பியலாளர்கள் பயன்படுத்திவந்த மெட்ரோபொலிஸ் என்ற சமவாய்ப்பு மாதிரியெடுப்பு முறையை வரைகலைக்குள் கொண்டுவர அந்தத் திருப்பி எழுதல்தான் கதவைத் திறந்தது. அதே 1997-இல் வீச்சும் லியோனிடாஸ் கீபாஸும் அதைச் சிக்ராஃபில் வெளியிட்டார்கள். எழுதுவதை அலங்காரம் என்கிறவர்கள் இந்த ஆய்வேட்டிலிருந்து அலங்காரத்தைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் காட்டட்டும்.

படம் பேசும் என்கிறார்களே, என்ன பேசும் என்று கொஞ்சம் பார்ப்போம். கட்டுரையின் முதல் பக்கத்து உச்சியில் போடுகிற படத்துக்கு டீஸர் என்றே பெயர். சினிமா டீஸரைப் பார்த்துவிட்டுப் படம் நன்றாயிருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. அந்தப் படம் எத்தனை கோணங்களில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தது, எந்த அளவுருவை யார் கையால் எத்தனை முறை திருகினார்கள், கேமராவை நகர்த்தினால் நிழல் நடுங்குமா, காட்சி பத்து மடங்கு பெரிதானால் நினைவகம் தாங்குமா என்பதை எல்லாம் படம் சொல்லாது. சொல்லாமலிருப்பதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 1975-இல் மார்ட்டின் நியூவெல் யூட்டா பல்கலைக்கழகத்தில் வரைந்த டீபாட்டையும், 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கேன் செய்த மண் முயலையும் இன்னும் பளபளவென்று சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். முயலும் இதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. எந்தக் காட்சியில் முறை தோற்கிறது, ஏன் தோற்கிறது என்பதைச் சொல்லும் பத்தியைத்தான் அடுத்து ஆய்வு செய்ய வருகிறவன் தேடிப் படிக்கிறான். அது பொதுவாகக் கட்டுரையின் கடைசிக்கு முந்தைய மூலையில், இடம் போதாமல் நசுங்கி, மூன்று வரியாகக் கிடக்கும். கடைசி இரவு எழுதியது என்று பார்த்தாலே தெரியும்.

நம்மவர்கள் எடுத்துவைக்கிற இன்னொரு நியாயம் ஆங்கிலம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவனோடு எழுத்தில் போட்டி போட முடியாது, அதனால் நிரலிலும் படத்திலும் காட்டிவிடுவோம் என்கிறார்கள். கேட்கப் பரிதாபமாக இருக்கிறது. உண்மையா? ஹனோயில் பிறந்து, பிரான்ஸில் படித்து, யூட்டாவுக்கு வந்த புய் துவாங் ஃபாங் 1975-இல் வெளியிட்ட கட்டுரை ஏழே பக்கம். அவர் பெயரிலேயே வழங்கும் அந்த ஒளிர்வு முறை இயற்பியலின்படி சரியானதும் அல்ல. பொருளை உள்ளது உள்ளபடி காட்டுவது தன் நோக்கமில்லை, பார்க்கிறவருக்குப் போதுமான அளவு நிஜமாய்த் தோன்றினால் சரி என்று அவரே தெளிவாக வரம்பு கட்டிவிட்டுத்தான் மேலே போகிறார். அதே வருஷம் இறந்தும் போனார். மேடையேறி விளக்க, மின்னஞ்சலில் சந்தேகம் தீர்க்க ஆள் இல்லை. கட்டுரை மட்டும்தான் இருந்தது. அதைப் படித்தே உலகம் முழுக்க அவர் முறையை நிரலாக்கினார்கள். அதை நடத்தியது ஆங்கிலத்தின் மினுக்கு அல்ல. எதைச் சொல்கிறேன், எதைச் சொல்லவில்லை என்ற தெளிவு. அது எந்தத் தாய்மொழிக்காரருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

நிரலைத்தான் பொதுவில் போட்டுவிடுகிறோமே, வேண்டியவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். போடுங்கள், மிக நல்லது. நிரல் தான் செய்வதைச் சொல்லும். செய்யாமல் விட்டதையும், அதற்குள் கிடக்கும் ஓர் அளவுரு ஏன் 0.05 என்பதையும் சொல்லாது.

சாட்ஜிபிடிக்கு வருவோம். அதை வைத்து ஒற்றுப்பிழை திருத்துகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. யோசிக்காமல் விட்ட இடத்தை அது யோசித்துத் தரும் என்று நம்புகிறவரோடுதான். முன்பெல்லாம் ஒரு மாணவர் குழம்பிப்போய் எழுதினால் வாக்கியமும் குழம்பியிருக்கும். கைடு அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார், “இதுல என்னப்பா சொல்ல வர்றே?” என்று கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது ஆய்விலிருந்த ஓட்டையே தெரியவரும். இப்போது ஓட்டையின் மேல் வழுவழுப்பான ஒரு பத்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கைடும் படித்துவிட்டு, மொழி நன்றாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போடுகிறார். கஜியாவின் கையில் இந்த இயந்திரம் இருந்து, “என் பாத் டிரேசிங் நிரலைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொடு” என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பாத் டிரேசிங் நிரலைப் பற்றி எட்டுப் பக்கம் கிடைத்திருக்கும்.

எழுத்தைக் கூலிக்கு விடும் புத்தி இயந்திரத்தோடு வந்ததும் அல்ல. பணம் கட்டினால் கட்டுரையை எழுதி, ஏதோ ஒரு ஜர்னலில் பிரசுரித்தும் தரும் கடைகள் நம் ஊர்களில் எத்தனை வருஷமாக நடக்கின்றன? முனைவர் பட்டத்துக்கு முன்பே கட்டுரை பிரசுரமாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதி போட்டது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தும் விட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கடைகளுக்குத் தீபாவளி. விதி போட்டவர்களும் கட்டுரையை ஒரு சான்றிதழாகத்தான் பார்த்தார்கள், எடுத்தவர்களும் அப்படியே. ஒரு வருஷத்தில் பன்னிரண்டு கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்ளும் பேராசிரியர் அதில் எத்தனையைக் கடைசி வரி வரை படித்திருப்பார் என்று கேட்பது மரியாதைக் குறைவாம். மதிப்பீட்டாளர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். “இன்னும் இரண்டு முறைகளோடு ஒப்பிட்டுக் காட்டவும்” என்று ஒரே வரியில் கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறவர் வாதத்தைப் படித்தாரா, படங்களை எண்ணினாரா?

அதே கஜியா 1993-இல் சிக்ராஃபின் கட்டுரைத் தேர்வுக்குத் தலைமை ஏற்றபோது, கட்டுரை நிராகரிக்கப்பட என்ன செய்யவேண்டும் என்று குறும்பாகத் தலைப்பிட்டு ஒரு கையேடே எழுதினார். என்ன சிக்கல், அது ஏன் சுவாரசியம், இதில் எது புதிது, எது புதிதில்லை என்பதை எவரும் எளிதாகக் கண்டுகொள்ளும்படி எழுதச் சொன்னார். புதிதில்லாததையும் சொல்லச் சொன்னதைக் கவனியுங்கள். வெப்பக் கதிர்வீச்சுக்காரர்களுக்கு உரியதை அவர்களிடமே விட்டவர் அல்லவா. நிரல்மொழி ஆய்வாளர் சைமன் பேட்டன் ஜோன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், யோசனை தோன்றியதும் முதலில் கட்டுரையை எழுதத் தொடங்கு, ஆய்வைப் பிறகு செய் என்று பல வருஷமாக உரையாற்றிவருகிறார். கேட்கிறவர்கள் கைதட்டிவிட்டு நேரே நிரல் எழுதப் போகிறார்கள். முன்னுரையைச் செப்டம்பரில் எழுத உட்கார்ந்தால், நம் முறை வேகமானது என்ற வாக்கியம் எந்த முறையைவிட, எந்தக் காட்சியில் என்ற கேள்வியில் வந்து முட்டும். அந்தக் காட்சியை இன்னும் ஓட்டிப் பார்க்கவே இல்லை என்பதும் செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் தெரிந்தால், ஆய்வுக்கூடத்து ஜிபியு அத்தனையையும் அடுத்த மேசைக்காரர் டீஸருக்காகப் பிடித்துவைத்திருப்பார்.