அணை நீரில் போட்டி வேண்டாம்: பிக்கட்டி டிரையத்லான் குறித்து எங்கள் நிலைப்பாடு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லானை நீலகிரியின் குந்தா மலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே பிக்கட்டியில் எங்கள் மன்றம் இயங்குகிறது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, நீச்சலை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்துவிடும். பதிலும் கூடவே வரும்: அவலாஞ்சி இருக்கிறது, எமரால்டு இருக்கிறது, மேல் பவானி இருக்கிறது, இத்தனை நீர் நிற்கும் ஊரில் யோசனை எதற்கு என்று. நாங்கள் யோசித்தோம், முடிவும் எடுத்திருக்கிறோம். மின்வாரிய அணைகளில் எங்கள் மன்றம் நீச்சல் போட்டியோ பயிற்சியோ நடத்தாது. பிறர் நடத்தினாலும் துணை நிற்காது. முறையாக நீச்சல் கற்றுத்தரும் குளம் ஒன்று குந்தா வட்டத்துக்குக் கிடைக்கும் வரை, ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம் என்று அமையும் டூயத்லானே எங்கள் போட்டி. விளையாட்டின் மீதுள்ள அக்கறைதான் எங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்கான காரணங்களைப் பொதுமக்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அணைகள் என்னவென்று பார்க்க வேண்டும். 1950களில் கொழும்புத் திட்டத்தின் வழியே கனடா அளித்த உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் உறுப்புகள் இவை. மேல் பவானியின் நீர் சுரங்கம் வழியே இறங்கி அவலாஞ்சியில் மின்சாரமாகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்த இரட்டைத் தேக்கங்கள். அங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக மின்னிலையங்களைச் சுழற்றிக்கொண்டு இறங்கும் நீர், பில்லூரில் சேர்ந்து கோவைக்குக் குடிநீராகவும் போகிறது. 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டமும் இதே தேக்கங்களைச் சார்ந்தே அமைகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அமைதியான ஏரியாகத் தெரிவது உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தின் பகுதி. மின்தேவை ஏறி இறங்குவதற்கேற்ப மதகு திறக்கும், நீர்மட்டம் மாறும், சுரங்க வாயை நோக்கி நீர் இழுக்கும். மலைச்சரிவை மூழ்கடித்து உருவான தேக்கம் என்பதால் கரையிலிருந்து நாலு அடி வைப்பதற்குள் ஆழம் விழுந்துவிடும். அடியில் சேறும் பழைய மரக்கட்டைகளும் கிடக்கும். மேல் பவானி போன்ற இடங்களில் சுற்றிலும் காப்புக்காடு. இயந்திரத்தை நிறுத்தி வைத்தால்தான் விளையாட முடியும் என்கிற இடம் விளையாட்டுத் திடலாக முடியாது.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. பனிக்காலத்தில் அவலாஞ்சிப் பகுதியில் இரவு வெப்பநிலை உறைநிலையைத் தொடுகிறது. புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. பயிற்சியில்லாத உடல் பதினைந்து டிகிரிக்கும் குறைந்த நீரில் சட்டென்று இறங்கினால், முதல் சில நிமிடங்களில் மூச்சு தன் கட்டுப்பாட்டை இழக்கிறது. முகம் நீருக்குள் இருக்கும்போது ஓர் இழுப்பு வந்தாலே போதும், நுரையீரலுக்குள் நீர் போய்விடும். கடல் மட்டத்தைவிட இங்கே மூச்சுக்கு ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் திடீர் இதயநிறுத்தங்களையும் தொகுத்த மருத்துவ ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அதிலிருந்த 135 பேரில் 90 பேருக்கு ஆபத்து வந்தது நீச்சலின்போது. மூன்று பிரிவுகளில் மிகக் குறைந்த நேரம் எடுப்பது நீச்சல். அதிக உயிரைக் குடிப்பதும் அதுவே. படகும் பயிற்சி பெற்ற காவலர்களும் பக்கத்திலேயே மருத்துவமனையும் உள்ள நாட்டின் கணக்கு இது. நீரில் மூச்சு நின்றவரின் மூளை தாங்குவது சில நிமிடங்களே. குந்தாவிலிருந்து உதகை அரசு மருத்துவமனைக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வாதம் தேவைப்படாது.

அனுமதி வாங்கி, உயிர்காப்பு உடையும் படகும் வைத்து, நல்ல மனம் கொண்ட தன்னார்வலர்களை நிறுத்தினால் நடத்திவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. எந்தச் சமூக விளையாட்டு மன்றமும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் நிற்கிறது; நாங்களும் அப்படித்தான். ஆனால் நல்ல மனம் மட்டும் உயிரைக் காப்பதில்லை என்பதைத் தமிழ்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2008-இல் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப், தன்னார்வலர்களாலேயே நடந்த மன்றம். கடற்கரைத் தூய்மைப் பணிகளையும் சென்னையில் டிரையத்லான் போட்டிகளையும் அது நடத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு வெளிப்புற விளையாட்டை அறிமுகப்படுத்தியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்த குழுக்களில் ஒன்று அந்த மன்றத்தின் வழியே சென்றிருந்தது. யார் மீதும் பழி சொல்ல இதை எழுதவில்லை. இயற்கையின் ஆபத்து பெரிதாகவும் மீட்பு தொலைவிலும் இருக்கும் இடத்தில், அமைப்பாளர்களின் ஆர்வமும் பல ஆண்டு அனுபவமும் போதாமல் போகலாம் என்பதே இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்திலும் இதுவே நேர்ந்தது. ஏறத்தாழ நம் மலையின் உயரத்தில், திடீரென வீசிய குளிர்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் சிக்கி, ஓடிய 172 பேரில் 21 பேர் உடல் விறைத்து இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை அங்கே கட்டாயமாக்கப்படவில்லை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த அவலாஞ்சிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு, வானம் எவ்வளவு விரைவாக மாறும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீச்சலை விட்டால் அது டிரையத்லானே இல்லை என்பது அடுத்த எதிர்ப்பு. இது ஓரளவு சரி. அதனால்தான் எங்கள் போட்டியை அந்தப் பெயரில் விளம்பரப்படுத்த மாட்டோம். ஆனால் டூயத்லானை இரண்டாந்தர விளையாட்டாக எண்ணுவது தவறு. டிரையத்லானை உலக அளவில் ஆளும் கூட்டமைப்பே டூயத்லானையும் நடத்துகிறது. 1990 முதல் அதற்கு உலகச் சாம்பியன் போட்டி உண்டு. சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் என்ற சிறு நகரம் 1989-இல் தொடங்கிய போட்டியில் நீச்சல் கிடையாது. 10 கிலோமீட்டர் ஓட்டம், 150 கிலோமீட்டர் சைக்கிள், மறுபடியும் 30 கிலோமீட்டர் மலை ஓட்டம் என்று அமைந்த அந்தப் பாதையே அவ்வூருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. டிரையத்லானின் விதிகளே கூட, நீரின் வெப்பநிலை 12 டிகிரிக்குக் கீழே போனால் நீச்சலை நீக்கச் சொல்கின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சென் ஆற்று நீர் தூய்மையாக இல்லாததால் ஆண்கள் போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. நீர் சரியாகவே மாறாவிட்டால் டூயத்லானாக நடத்துவது என்று அமைப்பாளர்கள் முன்கூட்டியே திட்டம் வைத்திருந்தார்கள். உலகின் மிகப் பெரிய மேடையே பாதுகாப்புக்காக நீச்சலை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தபோது, பிக்கட்டி விட்டுக்கொடுப்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

அணை நீச்சல் என்றால் வெளியூர் வீரர்கள் வருவார்கள், ஊருக்கு வருமானம் வரும் என்ற வாதமும் உண்டு. பசுந்தேயிலை விலையை நம்பி வாழும் சிறு விவசாயக் குடும்பங்கள் நிறைந்த வட்டாரத்தில் வருமானத்தைப் பற்றிய பேச்சை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டத்தை இழுப்பதற்கு அணைநீர் தேவையில்லை. 2008 முதல் நடந்துவரும் நீலகிரி சைக்கிள் பயணத்துக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வருவது இந்த ஏற்றங்களுக்காகத்தான். இன்னொரு பக்கம், மலை தாங்கும் அளவுக்கும் எல்லை இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் தேவைப்படுகிறது. சுற்றுலா வாகனங்களுக்கு உச்சவரம்பும் பிறகு வந்தது. இந்த நிலையில் நூற்றுக்கணக்கான கார்களைக் காட்டோர அணைக்கரைக்குக் கூட்டிவரும் போட்டி நமக்குப் பொருந்தாது. வருபவர்கள் உள்ளூர் வீடுகளில் தங்கி, ஊர்க் கடைகளில் சாப்பிட்டுப் போகக்கூடிய அளவான போட்டியே நாங்கள் விரும்புவது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மன்றம் யாருக்காக என்ற கேள்வி இருக்கிறது. அணையில் நீந்தும் போட்டி வைத்தால், சமவெளியில் குளத்திலும் கடலிலும் பயிற்சி பெற்று, விலையுயர்ந்த நீச்சல் உடையோடு வருபவர்களே அதில் இறங்குவார்கள். பிக்கட்டியின் படுகர் ஊர்களில் பிறந்த பெண்ணும், 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தின் பேரனும், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையும் கரையில் நின்று கைதட்ட வேண்டியிருக்கும். மலையில் தினமும் ஏறி இறங்கி வளர்ந்த அவர்களுக்கு ஓட்டத்தில் யாரும் சலுகை காட்டத் தேவையில்லை. நீச்சலோ கற்றுக்கொடுத்தால்தான் வரும். இந்தியாவில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலைக் கற்றுத்தருவதை உலக சுகாதார நிறுவனம் முக்கியத் தடுப்பு வழிகளில் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது. மலைப்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்பவர்கள், அணைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு அது எவ்வளவு தேவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எனவே மாவட்ட நிர்வாகத்திடமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: குந்தா வட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து போகும் தூரத்தில், நீரைச் சூடாக்கும் வசதியும் பயிற்சியாளரும் உள்ள 25 மீட்டர் நீச்சல் குளம். பணம் அதிகம் ஆகும் என்பது தெரியும். போட்டிக்கு வருபவர்கள் ஒரு நாள் நீந்திவிட்டுப் போவார்கள். குளம் ஆண்டு முழுவதும் பயன்படும்.

இத்தனை சொல்லும் நாங்கள் சாலையிலும் அதே கண்டிப்போடு இருக்க வேண்டும். மஞ்சூரிலிருந்து கெத்தை நோக்கி இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பந்தயம் விட மாட்டோம். சைக்கிள் நேரம் ஏற்றத்தில் மட்டுமே கணக்கிடப்படும், இறக்கத்தில் யாரும் முந்துவதற்குக் காரணமே இருக்காது. 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம் என்ற குறுந்தூர அளவே எங்கள் முதன்மைப் போட்டி. சாதாரண சைக்கிளுக்குத் தனிப் பிரிவு உண்டு. காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டங்களில் நடமாடும் விடியலுக்கு முன் யாரையும் சாலையில் நிறுத்த மாட்டோம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, காட்டுத்தீக் காலம் மூன்றையும் தவிர்ப்போம். ஹெத்தையம்மன் திருவிழா நாட்களில் போட்டி வைக்க மாட்டோம். தேயிலை லாரிக்கும் அரசுப் பேருந்துக்கும் 108 வண்டிக்கும் வழி எப்போதும் திறந்திருக்கும். காற்றுத் தடுப்பு மேலாடை இல்லாதவர் தொடக்கக் கோட்டைத் தாண்ட முடியாது. போட்டியை நிறுத்தும் அதிகாரம் மருத்துவப் பொறுப்பாளரிடம் தனியாக இருக்கும். நடத்துபவர்கள் அதை மீற முடியாது. வரவுசெலவுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இந்த நிலைப்பாடு மாறவே மாறாது என்று நாங்கள் சொல்லவில்லை. முறையான குளமும், அதில் கற்றுத் தேறிய உள்ளூர் பிள்ளைகளும், சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளர்களும் கிடைக்கும் நாளில் அந்தக் குளத்திலேயே நீச்சலை வைத்து முழு டிரையத்லான் நடத்துவோம். அணைகளைப் பொறுத்தவரை, அவை மின்சாரம் எடுக்கும் இடங்களாக இருக்கும் வரை அங்கே நீச்சல் வேண்டாம் என்பதே எங்கள் பதில். குந்தா வட்டாரத்தில் போட்டி நடத்த நினைக்கும் வெளியூர் அமைப்பாளர்களும் இதே வரையறையை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏற்பவர்களுக்கு எங்கள் தன்னார்வலர்களின் உழைப்பு முழுமையாகக் கிடைக்கும்.