எக்ஸ் போடாத பையன்

பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு பையனின் ஞாபகம் வருகிறது. நான் கணக்கு வாத்தியாராக இருந்த காலம். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு கேள்வி. ஒருவர் தம்மிடமிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அரிசிக்கும், மீதியில் பாதியை எண்ணெய்க்கும் செலவழித்தார். 40 ரூபாய் மிஞ்சியது. முதலில் இருந்தது எவ்வளவு?

அந்தப் பையன் எக்ஸ் போடவே இல்லை. "பாதி 40, அப்போ மீதி 80. அது மூணுல ரெண்டு பங்கு. ஒரு பங்கு 40. மொத்தம் 120" என்று எழுதியிருந்தான். அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து பழகிய கணக்கு. ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

"விடை சரிதானே சார்?" என்றான்.

"சமன்பாடு எங்கேடா?" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை.

நான் செய்தது தப்பு. பாஸ்கராச்சாரியார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய லீலாவதியில் ஒரு தாமரைக் கணக்கு உண்டு. பூக்களில் மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, நான்கில் ஒன்று என்று தெய்வங்களுக்குப் போக, குருவுக்கு 6 பூ மீதி. மொத்தம் எத்தனை? அவர் காட்டும் வழி, ஏதாவது ஓர் எண்ணை வைத்துப் பார்ப்பது. 60 என்று வைத்தால் 20, 12, 10, 15 போக மீதி 3. நமக்கு வேண்டியது 6. ஆகவே இரட்டிப்பு, 120. இதற்கு நான் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பேன்?

எக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பின்னத்தின் தொகுதியில் 1 கூட்டி, பகுதியில் 1 கழித்தால் விடை 1. பகுதியில் மட்டும் 1 கூட்டினால் அரை. அந்தப் பின்னம் எது? இங்கே மனக்கணக்கு தடுமாறும். எக்ஸ், ஒய் போட்டால் ஒய் என்பது எக்ஸைவிட 2 அதிகம்; இரண்டு எக்ஸ் என்பது ஒய்யைவிட 1 அதிகம். எக்ஸ் 3, ஒய் 5. பின்னம் ஐந்தில் மூன்று.

முதலில் பிள்ளைகள் தங்கள் வழியில் போகட்டும். அது முட்டி நிற்கும் இடத்தில் எக்ஸைக் கொடுங்கள். அப்போதுதான் அது எதற்கு என்று புரியும். எந்த வழியானாலும் விடையைக் கணக்கில் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

அந்தப் பையனுக்கு நான் இன்னும் நாலு மதிப்பெண் பாக்கி.