காற்றில் வரும் சத்துரு

எல்லைப்புறத்தில் அன்னியப் படை தோன்றினால் தேசம் முழுவதும் விழித்துக்கொள்கிறது. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத நுண்வித்துக்களாகக் காற்றிலேறி வந்து, கதிர் முற்றும் தறுவாயில் பயிரை அழிக்கும் சத்துருவைப் பற்றி நாம் அவ்வளவு கவலை கொள்வதில்லை.

கோதுமையைத் தாக்கும் கருந்துரு நோயைப் பாருங்கள். வடநாட்டுச் சமவெளியின் கோடை வெப்பத்தில் இந்தப் பூஞ்சணம் பிழைப்பதில்லை. பின் அது மறுபடியும் எங்கிருந்து வருகிறது? ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே. ஸி. மேத்தா பல்லாண்டுகள் ஆராய்ந்து, நோய் மலைப்பிரதேசங்களில் உயிர் தரித்திருந்து காற்றின் வழியே சமவெளிக்கு இறங்குகிறதென்று ஸ்தாபித்தார். நமது நீலகிரியும் பழனி மலையும் அதன் இருப்பிடங்களே. வங்கக் கடற்புயல்கள் இவ்வித்துக்களை மத்திய இந்தியா வரை சுமந்து சென்று மழையோடு இறக்குகின்றன என்பதைப் பின்வந்த விஞ்ஞானிகள் கண்டனர். 1946-47-ல் அங்கே மூண்ட கருந்துருவால் சுமார் 20 லட்சம் டன் கோதுமை நஷ்டமாயிற்றென மதிப்பிடப்பட்டது. வங்காளப் பஞ்சத்தின் புண் ஆறாத காலம் அது!

நோயைத் தாங்கும் ரகங்களால் பிற்காலத்தில் அந்த ஆபத்து அடங்கியது உண்மையே. எனினும் அதை நம்பி உறங்குவது விவேகமாகாது. 1998-ல் உகாண்டாவில் காணப்பட்ட புதிய கருந்துரு இனம், அத்தகைய ரகங்கள் பலவற்றை வென்று, சில ஆண்டுகளில் ஈரானை எட்டிவிட்டது.

நம் நாட்டில் கண்காணிப்பு வயல்கள் இல்லாமலில்லை. ஆனால் இலையில் புள்ளி தோன்றிய பிறகே அவை பேசும். பகைவன் கோட்டைக்குள் புகுந்தபின் முரசறைவது போன்றது அது. காற்றிலேயே வித்துக்களைப் பிடித்து, அவற்றின் மரபணுவைக் கொண்டு இன்ன நோயென்று தெளியும் முறை இன்று கைவந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் காற்றின் போக்கைக் கணித்து, துரு நோய் பரவுமுன் குடியானவருக்கு எச்சரிக்கை அனுப்புகிறார்கள். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

நோய் தங்கும் மலைகளிலும் அது இறங்கும் வழிகளிலும் காற்றைச் சோதிக்கும் நிலையங்களைச் சர்க்கார் நிறுவ வேண்டும். அவை கண்டறிவது காரியாலயக் காகிதங்களில் உறங்காமல், குடியானவரின் தாய்மொழியில், மருந்து தெளிக்க அவகாசமுள்ளபோதே அவரிடம் சேர வேண்டும். தாமதத்தால் விளையும் நஷ்டத்தைச் சுமப்பவர் அதிகாரிகளல்லர். ஏரைப் பிடிக்கும் ஏழையும், அவர் விளைவித்த தானியத்தை நம்பி வாழும் ஜனங்களுமே. பஞ்சம் வந்தபின் கஞ்சித்தொட்டி வைப்பது தருமம். அது வராமல் காப்பதே ராஜநீதி.