குறிப்பேடு யாருக்கு எழுதப்படுகிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியபோது குருமடங்களும் இறையியல் கல்லூரிகளும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, முக்கியக் கடமைகள் 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும் என்று ஆன பிறகுதான் அலுவலகங்கள் விழித்துக்கொண்டன. சேர்க்கைப் படிவம், திருமுழுக்குச் சான்று, மருத்துவ அறிக்கை, பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இனி உரியவருக்கு அறிவிப்புத் தர வேண்டும், சம்மதம் பெற வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். சமய நிறுவனம் என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் கிடையாது. ஒரு வழக்கறிஞரும் கணினி தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் சில வாரங்களில் முடிகிற வேலை இது. அதற்கு ஓர் ஆசிரியர் உரை தேவையில்லை. நமக்கு எழுதவேண்டியிருப்பது, வாரந்தோறும் மாணவரிடமிருந்து வாங்கப்படும் ஆன்மிக நாட்குறிப்பைப் பற்றி.

சட்டத்தின் 3ஆம் பிரிவைக் கவனமாகப் படியுங்கள். டிஜிட்டல் வடிவில் திரட்டப்பட்ட தரவுக்கும், தாளில் திரட்டிப் பின்னர் டிஜிட்டலாக்கிய தரவுக்கும் மட்டுமே சட்டம் பொருந்தும். நவசந்நியாசி கையால் எழுதிய குறிப்பேடு அலமாரியில் கிடக்கும்வரை சட்டம் அதைத் திரும்பிப் பார்க்காது. அதே பக்கத்தை ஸ்கேன் செய்து கோப்பில் ஏற்றினாலோ, கல்லூரியின் கற்றல் தளத்தில் ‘சிந்தனைப் பதிவு’ என்று பதிவேற்றச் சொன்னாலோ சட்டம் உள்ளே வந்துவிடுகிறது. அப்போது 6ஆம் பிரிவு கேட்கும் சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக, தெளிவானதாக இருக்க வேண்டும். குறிப்பேட்டைத் தராவிட்டால் அடுத்த நிலைக்குப் பரிந்துரை கிடைக்காது என்று அறிந்த ஒருவர் இடும் கையெழுத்து இந்த ஐந்தில் எதை நிறைவேற்றுகிறது? ஆகவே ஒரு நிர்வாகிக்கு முதலில் தோன்றும் யோசனையை ஊகிப்பது கடினமல்ல: தாளிலேயே வாங்குவோம், வம்பில்லை. சட்டத்திலிருந்து தப்ப அந்த யோசனை போதும். ஆனால் வாங்குவது சரிதானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் இயற்றியவர்களையும் இங்கே சும்மா விட முடியாது. 2019 மசோதா சமய நம்பிக்கையைக் ‘கூர் உணர்வுத் தரவு’ வகையில் வைத்துக் கூடுதல் காப்பு தந்தது. 2023 சட்டத்தில் அந்த வகையே இல்லை. ஒருவருடைய தொலைபேசி எண்ணும், இறைவனோடு அவர் நடத்திய வழக்கும் இன்று சட்டத்தின் கண்ணில் ஒரே சரக்கு. இந்த இடைவெளியைத் திருச்சபையாவது தன் பக்கத்திலிருந்து நிரப்பியிருக்க வேண்டும். அப்படி நடப்பதாகத் தெரியவில்லை.

குழப்பத்தின் வேர் பாடத்திட்டத்தில் இருக்கிறது. டொனால்ட் விட்னி ஆன்மிகப் பயிற்சிகளைப் பற்றி 1991இல் எழுதிய நூலில் நாட்குறிப்பும் கற்றலும் அடுத்தடுத்த அதிகாரங்கள். இரண்டும் தனித்தனிப் பயிற்சிகள். ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1978இல் அடுக்கிய பன்னிரண்டு பயிற்சிகளில் கற்றல் இருக்கிறது, நாட்குறிப்புக்குத் தனி இடமில்லை. இருவரையும் வகுப்பில் நடத்துகிற நாம், வீட்டுப்பாடம் தரும்போது மட்டும் இரண்டையும் ஒரே நோட்டில் கட்டிவிடுகிறோம். எசாயா வகுப்பில் புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று எழுதுவது கற்றல் குறிப்பு. அதற்கு இன்னொருவர் கண் வேண்டும். தவறு திருத்தப்பட வேண்டும். மதிப்பெண் போட்டாலும் குற்றமில்லை. எசாயாவை வாசித்த இரவில் செபிக்க முடியாமல் போனது ஏன் என்று எழுதுவது வேறு காரியம். அதைத் திருத்துவதற்கு வெளியில் ஆள் கிடையாது. இரண்டையும் ஒரே தலைப்பில் வாங்கி, ‘ஆழம்’, ‘நேர்மை’, ‘தொடர்ச்சி’ என்று கட்டம் போட்டு எண் இடும்போது, கற்றலுக்கு உரிய அளவுகோலை மனச்சான்றின்மேல் வைத்துவிடுகிறோம். நேர்மைக்கு ஐந்துக்கு மூன்று என்றால் மீதி இரண்டு எங்கே போயிற்று என்று மாணவர் கேட்டால் எந்த ஆசிரியரிடம் பதில் இருக்கிறது?

மதிப்பெண்ணுக்கு எழுதப்பட்ட குறிப்பேட்டை அடையாளம் காண்பது எளிது. ஏழு நாளின் பதிவும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் இருக்கும். திருப்பலி பொருளுள்ளதாக அமைந்திருக்கும். தியானத்தில் தொடக்கத்தில் பராக்கு இருந்து பிறகு நீங்கியிருக்கும். ஒரு சகோதரர்மேல் சிறு எரிச்சல் எழுந்து இரவுக்குள் மன்னிக்கப்பட்டிருக்கும். குறை சொல்லப்படும், ஆனால் ஏற்கத்தக்க குறை மட்டும். வறட்சி எழுதப்படும், ஆனால் சனிக்கிழமைக்குள் ஆறுதல் வந்துவிட வேண்டும். இதில் மாணவரின் கள்ளத்தனம் ஒன்றுமில்லை. வாசகர் யார் என்று தெரிந்து எழுதுகிற எவரும் அப்படித்தான் எழுதுவார். தன்னைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டிய பயிற்சி, தன்னைக் காட்டக் கற்றுத்தருகிறது. அதில் தேர்ந்தவர் குருவான பிறகு எப்படி இருப்பார் என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரிடம் போவோம், ஏனென்றால் நாட்குறிப்பை வாங்குகிறவர்களும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் தனித் தேர்வாய்வுக்கு அவர் தரும் முறை, நாளுக்கு இரண்டு கோடுகள். விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. வாரம் முழுவதற்கும் கோடுகள், வர வரக் குட்டையாக. அந்தத் தாளில் சொற்களே இல்லை. எந்தக் குற்றத்துக்கான புள்ளி என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அதே நூலின் 17ஆம் முன்குறிப்பு இன்னும் தெளிவு: பயிற்சி தருபவர், பெறுபவரின் சொந்த எண்ணங்களையோ பாவங்களையோ அறிய விரும்பக் கூடாது, வெவ்வேறு ஆவிகள் எழுப்பும் அசைவுகளை மட்டும் கேட்டறிய வேண்டும். அவரே எழுதிய ஆன்ம நாட்குறிப்பில் 1544 பிப்ரவரி முதல் 1545 பிப்ரவரி வரையிலான பகுதி கிடைத்திருக்கிறது. சபையின் வறுமையைப் பற்றிய ஒரு முடிவை எடுக்கும் நாள்களில், திருப்பலியில் கண்ணீர் வந்ததா இல்லையா என்று பதிந்துகொண்டே போகிறார். 1555இல் கொன்சால்வெஸ் த காமரா அவரது வாழ்க்கையைக் கேட்டு எழுதியபோது, இஞ்ஞாசியார் ஒரு பெரிய தாள்கட்டை எடுத்துச் சிலவற்றை வாசித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் தாருங்கள், எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று காமரா கேட்டார். இஞ்ஞாசியார் தரவில்லை. கேட்டவர் அந்நியர் அல்லர். நம்பிக்கைக்குரிய சொந்தச் சபைக் குரு. மறுத்தவரோ தலைமை அதிபர். அந்தக் குறிப்பேடு முழுமையாக அச்சேறியது 1934இல்தான்.

எதிர்வாதம் பழையது, வலுவானது. வனத்து அந்தோனியார் தம் துறவிகளிடம், உள்ளத்தின் அசைவுகளை மற்றவருக்குச் சொல்லப்போவதுபோல எழுதிவையுங்கள் என்றார் என அத்தனாசியார் பதிந்திருக்கிறார். யோவான் கிளிமாக்கஸின் ‘ஏணி’யில் உணவறைப் பொறுப்பிலிருந்த ஒரு துறவி வருகிறார்; இடுப்பில் சிறு ஏடு தொங்கும்; அன்றன்று எழுந்த எண்ணங்களை அதில் குறித்து மடத்துத் தலைவரிடம் காட்டுவார். ஆக, காட்டுவதும் மரபுதானே என்பார்கள். அந்தோனியாரின் சொல்லில் எடை ‘போல’ என்பதில் இருக்கிறது. உடன் துறவிகளின் கண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கட்டும் என்கிறார். எழுத்தைக் கொண்டுபோய்க் கண்ணிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. கிளிமாக்கஸின் துறவி காட்டினார், உண்மை. தலைவர் பார்த்தார், ஏடு மறுபடி இடுப்புக்குப் போயிற்று. அதைப் பிரதி எடுத்து, மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் வைத்து, பட்டத்துக்குத் தகுதியா என்று யாரும் வாக்கெடுக்கவில்லை. ஒருவர் தாமாக விரும்பி ஆன்ம வழிகாட்டியிடம் குறிப்பேட்டைத் திறந்தால் அதில் நமக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. இயேசு சபையில் இன்றும் உள்ள மனச்சான்றைத் திறந்து சொல்லும் வழக்கமும் இத்தகையது: அது வாய்ச்சொல், நம்பிக்கையில் சொல்வது, கோப்பில் ஏறாதது.

இந்த வேறுபாட்டைத் திருச்சபை தானாகக் கண்டுபிடிக்கவில்லை, பட்டுத்தான் அறிந்தது. 1890 டிசம்பர் 17இல் வெளியான ‘குவெமத்மோதும்’ ஆணை, மனச்சான்றைத் திறக்கும்படி அதிபர்கள் துறவியரைத் தூண்டுவதைத் தடைசெய்தது. ஆறுதலுக்காக ஏற்பட்ட ஒன்று ஆளுகைக் கருவியாகிவிட்டது என்பதுதான் காரணம். 1917 திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை ஏற்றது. 1983 தொகுப்பின் 630ஆம் சட்டம், 5ஆம் பத்தி, எந்த வகையிலும் தூண்டக் கூடாது என்கிறது. 240ஆம் சட்டமோ, பட்டத்துக்கு ஏற்பதிலும் குருமடத்திலிருந்து விலக்குவதிலும் ஆன்ம வழிகாட்டியின் கருத்தையும் ஒப்புரவுக் குருவின் கருத்தையும் கேட்கவே கூடாது என்கிறது. வழிகாட்டியின் வாயைக் கட்டிய சட்டம், வழிகாட்டியிடமும் சொல்லத் தயங்கியதை எழுதிய நோட்டை மட்டும் திறந்துபோட அனுமதிக்குமா? உளவியல் சோதனைக்கு முன்கூட்டிய, வெளிப்படையான, விவரம் அறிந்த, சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்று திருச்சபையின் 2008 வழிகாட்டுதல்கள் கேட்கின்றன. மைப்பொட்டைப் பார்த்து வௌவால் என்று சொன்னதற்கு இவ்வளவு காப்பு. கெத்சமனியைப் பற்றி இரவில் எழுதியதற்கு ஒன்றுமில்லை. ஐபோனில் 2023 டிசம்பரில் வந்த ஜர்னல் செயலியைக்கூட முகத்தைக் காட்டித்தான் திறக்கும்படி பூட்டிவைக்கலாம். ஒரு வியாபார நிறுவனத்துக்குத் தோன்றிய மரியாதை உருவாக்கத்துக்குப் பொறுப்பானவர்களுக்குத் தோன்றவில்லை என்பதை இதற்குமேல் மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவர்கள் அவசரமாகத் தேடுவதும் ஒரு சம்மதப் படிவத்தைத்தான். நிறுத்துவதைப் பற்றிப் பேச்சில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் ஆழமாக ஊன்றியதற்கு வரலாறும் ஒரு காரணம். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு இறங்கிய சில ஆண்டுகளிலேயே அந்த மிஷனின் நாட்குறிப்புகள் ஹாலே நகருக்குப் போய், அங்கே ஆதரவாளர்களுக்காகச் சீரமைத்து அச்சிடப்பட்டன. பின்னர் திருநெல்வேலியில் வேலைசெய்த சி.எம்.எஸ். மிஷனரிகளும் தங்கள் நாட்குறிப்பை லண்டனுக்கு அனுப்பக் கடமைப்பட்டிருந்தார்கள். நாட்குறிப்பு என்ற வடிவமே நம்மிடம் பெருமளவு அறிக்கையாக வந்து சேர்ந்தது: மேலிடத்துக்குப் போவது, நன்கொடையாளர் வாசிப்பது. அந்த ஏடுகள் வரலாற்றாளருக்குப் பொக்கிஷம், சந்தேகமில்லை. ஆனால் அறிக்கை எழுதும் கையால் ஆன்ம சோதனை எழுத முடியாது என்பதை ஜான் வெஸ்லி அறிந்திருந்தார். அச்சுக்கென ஒரு ‘ஜர்னல்’ எழுதினார். கூடவே 1725இல் தொடங்கிய சொந்த டயரியைச் சங்கேதக் குறிகளில் எழுதினார். அதை முழுமையாகப் படித்தறிய இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களுக்கே பெரும்பாடாயிற்று. அவர் வைத்திருந்த இரண்டு ஏடுகளை நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

இன்னொரு எதிர்வாதம் இருக்கிறது. அதை லேசாகத் தள்ள முடியாது. துர்ப்பிரயோக வழக்குகளுக்குப் பிறகு, மாணவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் எப்படிப் பட்டம் கொடுப்பது என்று உருவாக்குநர்கள் கேட்கிறார்கள். கவலை நியாயமானது, கருவிதான் தவறு. பிறருக்கு ஆபத்தானவர் அதை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய நோட்டில் எழுதமாட்டார். எழுதுபவர் தம்மைப் பற்றி அஞ்சுகிற நல்ல மனசாட்சிக்காரர், அவரைத்தான் நாம் பிடிப்போம். நடத்தையை நேரில் கவனிப்பது, புகாரை உடனே விசாரிப்பது, சம்மதத்தோடு உளவியல் மதிப்பீடு செய்வது, குழந்தைகள் சம்பந்தப்பட்டால் 2012 போக்சோ சட்டப்படி தகவல் தருவது என்று புறமன்றத்துக்கு, அதாவது வெளிப்படையான நிர்வாகத்துக்கு, உரிய வழிகள் உண்டு. அவை உழைப்பு கேட்பவை. நாட்குறிப்பை வாங்கிப் படிப்பது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடியது.

வாங்காவிட்டால் எழுதவே மாட்டார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். சிலர் எழுதமாட்டார்கள். கால அட்டவணையில் இருபது நிமிடம் ஒதுக்கி, மணி அடித்து, நோட்டும் பூட்டுள்ள மேசை அறையும் கொடுத்தால் போதும். அதற்குமேல் எழுதாதவரை எழுதவைப்பது நம் வேலை அல்ல. கற்றல் குறிப்பு தனி நோட்டாக இருக்கட்டும். அதை வாங்குங்கள், கடுமையாகத் திருத்துங்கள், பதிவேற்றுங்கள். சட்டம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே கொடுங்கள். மற்ற நோட்டுக்குப் படிவமே வேண்டாம், ஏனென்றால் அது உங்களிடம் வரப்போவதில்லை.

அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. வாங்கும் வழக்கமுள்ள இல்லங்களின் அலமாரிகளில் பழைய குறிப்பேடுகள் அடுக்கியிருக்கும். பட்டம் பெற்றவர்களுடையதும், பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுடையதும் அவற்றில் உண்டு. இரண்டாமவர்கள் தங்கள் நோட்டைக் கேட்டு வரமாட்டார்கள். ஸ்கேன் செய்யாதவரை சட்டமும் அவற்றைக் கேட்காது. சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி இருக்கிறது. பிரிக்காமல், புரட்டாமல், உறையிலிட்டு விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். முகவரியில் ஆள் இல்லையென்று திரும்பி வந்தவற்றை, சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, பிரிக்காமலே எரித்துவிடுங்கள்.