முதலில் போஸ்ட், அப்புறம் பதிவு... டிசைன் உரிமையை இழப்பது இப்படித்தான்!

ஓட்டை ஓட்டையாக இருக்கும் க்ராக்ஸ் செருப்பைத் தூரத்தில் பார்த்தாலே அடையாளம் தெரியும். ஆனால், அந்தத் தோற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய டிசைன் பதிவையே அந்நிறுவனம் இழந்தது. பதிவுக்கு ரொம்ப முன்னாடியே செருப்பை ஊருக்குக் காட்டிவிட்டதுதான் காரணம்.

என்ன நடந்தது?

2002 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த படகுக் கண்காட்சியில் அந்தச் செருப்பு வைக்கப்பட்டது. வெப்சைட்டில் படம் வந்தது, விற்பனையும் நடந்தது. ஐரோப்பியப் பதிவுக்கு அடிப்படையான அமெரிக்க விண்ணப்பம் போனதோ 2004 மே 28-ல். வெளியிட்ட 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் போதும் என ஐரோப்பா தரும் சலுகையும் தாண்டிப்போச்சு. பதிவு செல்லாது என்பதை 2018 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் உறுதிசெய்தது.

அதே ஆண்டு, இங்குள்ள செருப்பு நிறுவனங்களுக்கு எதிராக க்ராக்ஸ் கேட்ட இடைக்காலத் தடையை டெல்லி உயர் நீதிமன்றமும் மறுத்தது. பதிவுக்கு முன்பே வெளியான டிசைன் என்பதே அங்கும் பிரச்னை.

டிசைன் பேட்டன்ட் என்றால்?

பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வழக்கமான பேட்டன்ட். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு டிசைன் பேட்டன்ட். அமெரிக்காவில் இந்தப் பெயர். இந்தியாவில் 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் 'டிசைன் பதிவு'. காலம் 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 5.

தோற்றத்துக்கு அவ்வளவு மதிப்பா? ஆப்பிளுக்கு சாம்சங் தர வேண்டும் என 2018-ல் அமெரிக்க ஜூரி சொன்ன சுமார் 53.9 கோடி டாலரில், 53.3 கோடி டிசைன் பேட்டன்ட்டுகளுக்கு மட்டுமே!

'நான்தானே வரைஞ்சேன், காப்பிரைட் இருக்கே?'

கைகொடுக்காது. பதிவுக்குத் தகுதியான டிசைனைப் பதியாமல், அதை வைத்துத் தொழில்முறையில் 50-க்கு மேல் பொருள்கள் தயாரித்தால் காப்பிரைட்டும் போய்விடும்.

சட்டம் மாறணும்

இந்தியாவில் பொதுவான சலுகைக் காலமே இல்லை. ரகசியம் காக்கச் சொல்லிக் காட்டியது, முன்கூட்டியே தகவல் கொடுத்து அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது போன்ற சில விலக்குகள்தான். இன்ஸ்டாவில் படம் போட்டு, ஆர்டர் வருதான்னு பார்த்துவிட்டு முதலீடு செய்யும் சின்ன பிராண்டுகளை இது நேராக அடிக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு எச்சரிக்க வக்கீல் இருக்கிறார். வீட்டிலிருந்து கம்மலும் பையும் செய்து விற்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

'யாருக்கு உரிமை என்று தெரியாமல் மற்ற தயாரிப்பாளர்கள் ஒரு வருஷம் தவிக்கணுமா?' என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் 12 மாதம் தருகின்றன. அங்கே வியாபாரம் நின்றுவிடவில்லை. 2024 நவம்பரில் ஏற்கப்பட்ட ரியாத் டிசைன் சட்ட ஒப்பந்தமும் அதே 12 மாதத்தைத்தான் சொல்கிறது. இந்தியாவும் தர வேண்டும்.

அதுவரை?

விண்ணப்பம் முதலில், போஸ்ட் அடுத்து. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான், ஆன்லைனிலேயே போடலாம். சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. விண்ணப்பத் தேதி கிடைத்த மறுநாளே படத்தைப் போடலாம்.